மீட்டரில் கம்மி, வயதில் அதிகம்: நின்றுபோன பழைய பைக்கை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இதுவரை நான் வாங்கியவற்றில் என்னை அதிகம் செலவு செய்ய வைத்தது 14 வயதான ஒரு பைக். மீட்டரில் 7,200 கிலோமீட்டர்தான். பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட்டில் ஒரு கீறல் இல்லை. விற்றவர் பொய்யும் சொல்லவில்லை. அந்த 7,200 உண்மையான 7,200. வாங்கிய ஆறாவது நாள், லேசான தூறலில், நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஒரு திருப்பத்தில் பின் சக்கரம் சோப்பில் கால் வைத்தது போல வழுக்கியது. கீழே விழவில்லை, ஆனால் விழுந்திருக்க வேண்டியது. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், டயர் பைக்கோடு பிறந்த அதே டயர். பட்டன் (டயரில் எழுந்து நிற்கும் ரப்பர் மேடுகள்) எல்லாம் ஆழமாக, புதுசு மாதிரி. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போல இருந்தது.

அதன் பிறகு வரிசையாக வந்தன: ஃபோர்க் சீல் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்களில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்), கார்புரேட்டர், முன் பிரேக், பேட்டரி, செயின். ஓராண்டுக்குள் ரப்பரால் ஆன எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அதே பணத்துக்கு 40,000 ஓடி, ஒழுங்காக சர்வீஸ் பார்த்த பைக் கிடைத்திருக்கும். மறுநாளே எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கலாம்.

மீட்டர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எண்ணுகிறது: சக்கரம் எத்தனை தடவை சுற்றியது. ரப்பர், பெட்ரோல், பிரேக் ஆயில், கிரீஸ், பேட்டரி இவையெல்லாம் காலண்டரைப் பார்த்துக் கெடுபவை. அதனால் குறைவாக ஓடிய பழைய பைக்கைப் பார்க்கப் போகும்போது, ‘எவ்வளவு ஓடியது’ என்பதைவிட ‘எப்படி நின்றது’ என்பதைத்தான் துருவ வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பைக்கிடமே கேட்கும் வழிகள்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு

15 வருடம், 9,000 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 600, மாதத்துக்கு 50. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே 9,000 மூன்று விதமாக வந்திருக்கலாம். ஒருவர் மாதம் ஒரு முறை எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, வருடம் ஒரு முறை ஆயில் மாற்றியிருப்பார். இது கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்னொருவர் முதல் இரண்டு வருடத்தில் 9,000 ஓட்டிவிட்டு, மீதி 13 வருடம் தார்ப்பாய்க்குள் போட்டு வைத்திருப்பார். மூன்றாமவர் பக்கத்துத் தெருக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்பி இரண்டு கிலோமீட்டர் என்றே 9,000-ஐ ஓட்டியிருப்பார். இந்த மூன்றாவது வகையைப் பலரும் நல்ல பைக் என்று நினைத்துவிடுகிறார்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவே இல்லை என்றால் எரிபொருளிலிருந்து வரும் ஈரம் ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தங்கிவிடும். வெளியே மின்னும் சைலன்சர் உள்ளிருந்து துருவேறி ஓட்டையாவது இப்படித்தான்.

ஆகவே நேரில் போகும் முன் போனிலேயே கேளுங்கள். கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்? ஏன் ஓட்டுவதை நிறுத்தினீர்கள்? கூரைக்குள் நின்றதா, வெயிலிலா? நிறுத்தும்போது டேங்க்கில் பெட்ரோல் இருந்ததா? பேட்டரியைக் கழற்றி வைத்தீர்களா? பதில்களைவிட, பதில் வரும் விதம் முக்கியம். பைக் மீது அக்கறை உள்ளவர் ‘பேட்டரியை எடுத்து உள்ளே வைத்தேன், டேங்க்கை நிரப்பி வைத்தேன்’ என்று கேட்காமலேயே சொல்வார். ‘சும்மாதான் நின்னுச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல’ என்பவரிடம் இன்னும் ரெண்டு கேள்வி கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்லி வையுங்கள்: ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.’

பையில் என்ன இருக்க வேண்டும்

நல்ல டார்ச், சின்ன மல்டிமீட்டர், காற்றழுத்த மீட்டர், பழைய துணி, கையுறை, ஒரு சின்ன காந்தம். பைக் தெரிந்த நண்பர் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. அந்தக் குறிப்பிட்ட பைக் மீது உங்களைப் போல ஆசைப்படாதவராக இருந்தால் மிகவும் நல்லது. பகலில் போங்கள். மழையில் நனைந்த பைக்கைப் பார்க்காதீர்கள், ஈரத்தில் எல்லா பெயின்ட்டும் புது பெயின்ட்தான்.

போனதும் எஞ்சினைத் தொடுங்கள்

வணக்கம் சொல்லிவிட்டு நேராக எஞ்சின் பக்கம் போய், புறங்கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ‘நீங்க வரும்போது ஸ்டார்ட் ஆகாம போயிட்டா மானம் போயிடுமே’ என்ற பயமும் உண்டு. ஆனாலும் குளிர்ந்த எஞ்சின் காட்டிக்கொடுப்பதைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். ‘பரவாயில்லை, இன்னொரு நாள் வருகிறேன்’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பல வருடமாகவே ஸ்டார்ட் செய்யாத பைக் என்றால் கதை வேறு. அங்கேயே செல்ஃபை அழுத்திப் பார்க்க விடாதீர்கள். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்திருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், லேசான துருவும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, சில மணி நேரம் கழித்து டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். கரகரப்பு இல்லாமல் சுற்றினால் நம்பிக்கை வைக்கலாம். சுற்றவே இல்லை என்றால், உதிரி பாகத்துக்கான விலைக்கு மேல் ஒரு பைசா தராதீர்கள்.

அந்தக் கிலோமீட்டர் உண்மையா?

குறைந்த கிலோமீட்டர் என்பதே விலையை ஏற்றுகிற விஷயம் என்பதால், அதைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மீட்டரை நம்பாமல், கையும் காலும் படுகிற இடங்களைப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் கோடுகள், கியர் லிவர் நுனி, பிரேக் பெடலின் மேல்பரப்பு, ஹேண்டில் கிரிப், சாவித் துவாரத்தைச் சுற்றிய கீறல், முழங்கால் உரசும் இடத்தில் டேங்க் பெயின்ட். 7,000 ஓடியதாகச் சொல்லும் பைக்கில் பிரேக் பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் எங்கேயோ இடிக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: எல்லாம் தேய்ந்திருக்க, கிரிப்பும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் விளிம்பை விரலால் தடவுங்கள். பேட் உரசும் பகுதிக்கும் உரசாத ஓரத்துக்கும் நடுவே படி போலத் தட்டுப்பட்டால், அது சில ஆயிரம் கிலோமீட்டரில் வந்த தேய்மானம் அல்ல. டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

டயரும் சாட்சி சொல்லும். பைக் தயாரான வருடத்தையும் டயர் தயாரான வருடத்தையும் ஒப்பிடுங்கள். 5,000 கிலோமீட்டர் பைக்கில் வேறு வருடத்து டயர் இருந்தால், ஒன்று டயர் வயதாகி மாற்றியிருப்பார்கள், அல்லது கிலோமீட்டர் பொய். ‘எப்போது, ஏன் மாற்றினீர்கள்’ என்ற கேள்விக்கு நேரான பதில் இருக்க வேண்டும்.

பழைய ஐந்திலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த பைக்கில் மீட்டர் மைலில் ஓடலாம். 10,000 மைல் என்பது 16,000 கிலோமீட்டருக்கும் மேல். பழைய சர்வீஸ் பில், காப்பீட்டுத் தாள், தகுதிச் சோதனைச் சீட்டு எதிலாவது தேதியோடு கிலோமீட்டர் குறித்திருந்தால், அதுதான் எல்லாவற்றையும் விடப் பலமான ஆதாரம்.

ஏன் நிறுத்தினார்கள்?

நன்றாக ஓடுகிற பைக்கை மனிதர்கள் காரணமில்லாமல் மூலையில் நிறுத்துவதில்லை. குழந்தை பிறந்தது, கார் வாங்கினார்கள், முதுகுவலி வந்தது, வேலைக்காக வெளியூர் போனார்கள்: இவையெல்லாம் நம்பக்கூடிய காரணங்கள். சொல்லாமல் விடுகிற காரணங்கள் இரண்டு. ஒன்று, தீர்க்க முடியாத ஒரு கோளாறு. மற்றொன்று, புதிதாக வாங்கிய சில மாதத்தில் விழுந்து, பயந்து, ஓட்டுவதையே விட்டுவிட்டது.

விழுந்த தடயம் ஓரங்களில் இருக்கும். ஹேண்டில் நுனி, லிவர் முனைக் குண்டு, ஃபுட்ரெஸ்ட் முனை, எஞ்சினின் பக்கவாட்டு மூடி, சைலன்சரின் வெளிப்புறம் இவற்றில் உராய்ந்த கோடுகளைத் தேடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். நசுங்கியோ வெல்டு வைத்தோ இருந்தால் பெரிய அடி. சேசிஸில் ஸ்டீயரிங் தலைப்பகுதிக்குக் கீழே பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் நேராக முட்டியிருக்கிறது. இரும்பு டேங்க் என்றால் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது. சேசிஸ் வளைந்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

டயர்

பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி. 2314 என்றால் 2014-ஆம் வருடத்தின் 23-வது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தையது; அதை ஓட்ட வேண்டாம், அருங்காட்சியகத்தில் வைக்கலாம். சில டயரில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், இரு பக்கமும் குனிந்து பாருங்கள்.

என் கணக்கு எளிது. ஐந்து வருடம் தாண்டினால் சந்தேகத்தோடு பார்ப்பேன், பத்து தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுவேன். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் டார்ச் அடித்தால் மெல்லிய வெடிப்பு தெரியும். ஒரே இடத்தில் நின்றதால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகியும் இருக்கலாம். விற்பவர் ‘டயர் புதுசு மாதிரி இருக்கே சார்’ என்பார். இருக்கும். இரண்டு டயர், டியூப் பைக்காக இருந்தால் இரண்டு டியூப், மாட்டும் கூலி, எல்லாவற்றையும் மனதுக்குள் விலையிலிருந்து கழித்துக்கொண்டு புன்னகையுங்கள்.

பெட்ரோல் போகும் பாதை: இங்கேதான் அதிக நேரம் செலவிடுங்கள்

நின்றுபோன பைக்கின் பாதி வியாதி இங்கேதான். டேங்க் மூடியைத் திறந்து முதலில் மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்ட பெட்ரோல் பழைய வார்னிஷ் டப்பா மாதிரி, புளித்த வாடையோடு இருக்கும். பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள் (தீக்குச்சி வேண்டாம், சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது). இரும்பு சாம்பலாகவோ வெள்ளியாகவோ தெரிய வேண்டும். பழுப்பாக லேசான படலம் என்றால் சுத்தம் செய்துவிடலாம். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் டேங்க்கே சந்தேகம். உள்ளே பெயின்ட் அடித்த மாதிரி வழுவழுப்பான பூச்சு இருந்தால், முன்பே துரு வந்து யாரோ மூடியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு நாளாக நாளாக உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், அங்கே துரு ஆரம்பிக்கும். பாதி டேங்க்கோடு வருடக்கணக்கில் நின்ற பைக்கில் மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் அடியில் மோசமாக இருக்கலாம். டார்ச் வெளிச்சம் அடி மூலைக்குப் போகும் வரை பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் பைக்காக இருந்தால், ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன வடிகால் ஸ்க்ரூ இருக்கும். விற்பவர் சம்மதித்தால் அதைத் தளர்த்தி ஒரு வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் பிடியுங்கள். தெளிந்த நிறம் நல்லது. கருந்தேன் நிறம், அடியில் மணல் போன்ற துரு, தனியாக உருளும் நீர்த்துளி எதுவும் நல்லதல்ல. என் பைக்கின் கார்புரேட்டரைப் பிரித்தபோது கிண்ணத்தின் அடியில் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு பாகு, ஆறிய வெல்லப்பாகு போல இழுத்துக்கொண்டு வந்தது. மெக்கானிக் அண்ணன் பைலட் ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துவாரமுள்ள பாகம்) எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ‘தம்பி, இதுல வானம் தெரியணும்’ என்றார். தெரியவில்லை. அந்த ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெட்ரோல் ஆவியாகிப் போனதும் மிச்சம் தங்குவது முதலில் அங்கேதான்.

அடைத்த பைலட் ஜெட்டை ஸ்டார்ட் செய்தவுடன் கண்டுபிடிக்கலாம். சோக் இருந்தால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுபோகும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் சரியாக இருக்கும், விட்டால் அணைந்துவிடும். இது மட்டும்தான் குறை என்றால் பயப்பட வேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்யும் வேலைதான். ஆனால் நான்கு சிலிண்டர் பைக்கில் நான்கு கார்புரேட்டர்; கூலியும் நான்கு மடங்கு மாதிரிதான்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் காற்று உள்ளே இழுத்து, ஐடிலிங் ஏறி இறங்கும், எஞ்சின் அதிகம் சூடாகும்.

இன்ஜெக்ஷன் பைக் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் டேங்க்குக்குள்ளிருந்து பம்ப் ‘ஸ்ஸ்ம்ம்’ என்று ஓரிரு நொடி ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லை, அல்லது முனகலாக இருக்கிறது என்றால் பம்ப் போயிருக்கலாம். பழைய மாடலுக்கு அந்த பம்ப் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

அப்படியே ஏர் ஃபில்டர் மூடியையும் கழற்றிப் பாருங்கள். எலிக்குப் பிடித்த வீடு அது. பஞ்சும் உமியும் கிடந்தால் ஃபில்டரோடு கதை முடியாது, வயரிங்கையும் கடித்திருக்கும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் கண்ணாடியையோ குச்சியையோ பாருங்கள். கருப்பு ஆயில் தப்பில்லை, பழசு அவ்வளவுதான். பால் கலந்த காப்பி நிறம் தப்பு. ஆயில் மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை இருந்தால் அது குறுந்தூர ஓட்டத்து ஈரம். ஆயில் முழுவதும் பாலாக இருந்தால் தண்ணீரோ, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ள எஞ்சினில் அந்தக் கூலன்ட்டோ கலக்கிறது.

ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகளுக்குள் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முதல் நிமிடத்தில் வரும் வெள்ளைப் புகை நீராவி. எஞ்சின் சூடாகச் சூடாக மறையும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. நீண்ட நாள் நின்ற பைக்கில் வால்வு சீல் காய்ந்து முதலில் கொஞ்சம் நீலம் வரலாம். ஆனால் பத்து நிமிடம் ஓடிய பிறகும் தொடர்ந்தால் ரிங்கையோ சீலையோ கணக்கில் எடுங்கள். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் கார்புரேட்டர் வேலை.

மேலே மெல்லிய டிக்டிக் சத்தம் வால்வு இடைவெளியாக இருக்கலாம், சரிசெய்யக்கூடியது. அடியிலிருந்து, ஆக்சிலேட்டருக்கு ஏற்பக் கனமாகத் தட்டும் சத்தம் வந்தால் கையைக் கழுவுங்கள்.

பிரேக்

டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரிதான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் ஆயில் கிண்ணத்தின் கண்ணாடியில் இளமஞ்சள் தெரிந்தால் சரி. தேயிலைச் சாயம் மாதிரி இருந்தால் யாரும் தொட்டதில்லை.

நிறம் மட்டும் மாறியிருந்தால் கவலை இல்லை. அந்த ஈரம், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனைத் துருவேற்றி இறுக்கிவிடும் என்பதுதான் கவலை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். பிரேக்கைப் பிடித்து விட்டு மறுபடி சுற்றுங்கள். விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. லிவர் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. ரப்பர் ஹோஸை வளைத்து வெடிப்பு தேடுங்கள். ஏபிஎஸ் இருந்தால் சாவி போட்டதும் விளக்கு எரிந்து, கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அதுவும் கோளாறுதான்.

ஃபோர்க், கோன் செட், பேரிங்

ஃபோர்க் குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை அழுத்துங்கள். குழாயில் ஆயில் வளையம் விழுந்தால் சீல் போயிருக்கிறது. சீல் விலை குறைவு. ஆனால் அந்தப் பளபளப்பான குழாயை நகத்தால் மேலும் கீழும் தடவும்போது துருப்புள்ளி தட்டினால், புது சீலையும் அது கிழித்துவிடும். குழாயையே மாற்ற வேண்டி வரும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விரல் நுனியால் நகர்த்துங்கள். நடுவில், நேராக இருக்கும் இடத்தில், ‘டக்’கென்று ஒரு குழியில் விழுவது போல இருந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) மாற்ற வேண்டும். பின் சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்து சக்கர பேரிங்கையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் பாருங்கள்.

செயினைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில் செயினை இழுத்தால் பாதிப் பல் தெரியும் அளவுக்கு விலகக் கூடாது. சக்கரத்தைச் சுற்றும்போது ஒரு இடத்தில் இறுகி, ஒரு இடத்தில் தொங்கினால், சில கண்ணிகள் மடங்கியே நின்றால், செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் மாற்ற வேண்டும்.

கூலன்ட் எஞ்சினில் ரப்பர் குழாய்களைப் பிதுக்கிப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து துரு நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். டுகாட்டி போன்ற சில பைக்குகளில் வால்வை இயக்க ரப்பர் டைமிங் பெல்ட் இருக்கும். அதற்குக் கிலோமீட்டர் வரம்போடு வருட வரம்பும் உண்டு. பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுகூட ஆபத்து. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கரண்ட்

12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். நின்ற நிலையில் 12.6 அருகே இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் செத்த கணக்கு. எஞ்சின் ஓடும்போது 4,000 - 5,000 ஆர்பிஎம்மில் 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது. புது பேட்டரி வாங்கிவிடலாம். ரெகுலேட்டரும் காயிலும் பழைய மாடலுக்குத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். சீட்டைக் கழற்றி ஃப்யூஸ் பெட்டியையும் வயர் இணைப்புகளையும் பாருங்கள். பச்சைக் களிம்பு, எலிக்கடி, கம்பெனி நிறத்தில் இல்லாத வயர், டேப் சுற்றிய முடிச்சு. அந்த முடிச்சுகள்தான் பின்னாளில் நடுராத்திரியில் நடுரோட்டில் நிறுத்தும்.

ஓட்டிப் பார்ப்பது

டயர் பத்து வருடப் பழசு என்றால் வேகமாக ஓட்ட வேண்டாம். பிரேக் பிடிக்கிறதா என்று நடக்கும் வேகத்தில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போட்டதும் பைக் முன்னால் பாய்ந்தால் கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. கொஞ்சம் ஓடினால் பல சமயம் விடுபடும். எல்லா கியரிலும் ஏற்றி இறக்குங்கள், எதிலாவது தானாக நழுவுகிறதா பாருங்கள். குறைந்தது 15 நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா பைக்கும் நல்ல பைக். திரும்பி வந்து அணைத்து, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுப்பதும் ஒரு வியாதி. பிறகு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தரையைப் பாருங்கள், எதுவும் சொட்டியிருக்கிறதா என்று.

தாள்கள்

சேசிஸில் பொறித்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பொறித்த இடத்தைச் சுற்றி அரைத்த தடமோ வேறு எழுத்துருவோ இருந்தால் பேச்சை நிறுத்துங்கள். கடன் பாக்கி, கட்டாத வரி, காலாவதியான பதிவு எதுவும் இருக்கிறதா என்று உங்கள் ஊர் விதிப்படி விசாரியுங்கள். நெடுநாள் நின்ற பைக்கில் தாள்களும் கூடவே நின்றுபோயிருக்கும். விற்பவரே பதிவுச் சான்றில் உள்ள உரிமையாளரா என்பதைக் கேட்க மறக்காதீர்கள்.

விலை பேசும்போது

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு பட்டியலுக்கு விலை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு டயர், பேட்டரி, செயின் செட், ஃபோர்க் சீலும் ஆயிலும், பிரேக் ஆயிலும் ரப்பர்களும், கார்புரேட்டர் சுத்தம், எல்லா ஆயிலும் ஃபில்டரும், பெட்ரோல் குழாய், கூலி. இந்தத் தொகையில் விற்பவர் உண்மையில் செய்து, பில்லோடு காட்டுவதை மட்டும் அடியுங்கள். மீதியை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடலின் விலையிலிருந்து கழியுங்கள். வருவதுதான் நீங்கள் தரக்கூடிய விலை. ‘வெறும் 7,000 தான் ஓடியிருக்கு’ என்று அவர் சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொண்டு பட்டியலைக் காட்டுங்கள். சண்டை வேண்டாம்.

டேங்க், பாடி பாகங்கள், சைலன்சர், மீட்டர், இவை நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே தரலாம். ரப்பரும் ஆயிலும் எந்தக் கடையிலும் கிடைக்கும். தயாரிப்பை நிறுத்திய மாடலின் ஒரிஜினல் பக்க மூடி கிடைக்காது.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

ஓட்டிக்கொண்டு வராதீர்கள், வண்டியில் ஏற்றி வாருங்கள். முதல் வாரத்திலேயே டயர், பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், ஃபில்டர், பெட்ரோல் குழாய் எல்லாம் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயிலை 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். உள்ளே தங்கிய ஈரமும் அழுக்கும் அந்த முதல் ஆயிலோடு வெளியே வரும். அந்த 500 கிலோமீட்டரையும் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள், சின்ன ஸ்பானர் செட்டும் போனும் கூடவே இருக்கட்டும். நெடுநாள் காய்ந்த சீல்கள் ஆயில் பட்டதும் சில சமயம் தானாக மூடிக்கொள்ளும், சில சமயம் அப்போதுதான் ஒழுக ஆரம்பிக்கும். எனவே முதல் மாதம் தினமும் காலையில் பைக்கின் அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, எங்கே சொட்டியிருக்கிறது என்று பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். என் பைக்கின் அட்டையில் பன்னிரண்டு வட்டம் விழுந்தது. கடைசி வட்டம் எஞ்சினிலிருந்து அல்ல, என் காப்பிக் கோப்பையிலிருந்து.